கடித்துப் பார்த்து வாங்கும் டார்ச்

டார்ச் எதுவானாலும் டொர்கஸ் முதலில் கடித்துப் பார்ப்பாள். விலை கேட்பதெல்லாம் பிறகு. சட்டை நுனியால் ஒரு துடை துடைத்து, அதன் அடிப்பக்கத்தை முன்பற்களுக்கு நடுவே கொடுத்து, உதட்டை இறுக்கி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவாள். நழுவினால் தீர்ந்தது கதை, கண்ணாடி அலமாரிக்குத் திரும்பிவிட வேண்டியதுதான். தீவின் பெரிய ஊரான ஆவ்கியில், படகுத்துறைக்கு எதிர்க்கடையில் இன்று காலையிலிருந்து இரண்டு டார்ச்சுகள் அப்படித் திரும்பியாயிற்று.

"இது என்ன மாங்காயா சிஸ்டர், கடிச்சுப் பாத்து வாங்க?" என்றான் ஹெட்லி. பதினைந்து வருஷமாக அந்தக் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிறவன்.

"எச்சி பட்டா வாங்கணும்!" என்று வாசலோரத்து உயர நாற்காலியிலிருந்து மிஸிஸ் ஹோவின் குரல் வந்தது. கடை முதலாளியம்மா. எந்தக் கை எந்தப் பைக்குள் போகிறது என்று அங்கே உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருப்பாள். இறங்கி வந்து ஹெட்லியே கண்டதில்லை.

வாயில் டார்ச் இருந்ததால் டொர்கஸ் கண்ணாலேயே இருவரையும் ஒரு பாட்டம் திட்டினாள்.

வயது ஐம்பத்தொன்று. குள்ளம். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத முகம். தெற்குக் கரையில், விசைப்படகில் ஐந்து மணி நேரம் போனால் வரும் சுவாலேயா கிராமத்து மருத்துவ நிலையத்தில் நர்ஸ் உதவியாளர். பேருக்குத்தான் உதவியாளர், அவள் உதவ வேண்டிய நர்ஸ் என்று அங்கே யாரும் கிடையாது. கூரையில் சோலார் தகடு இருக்கிறது, அதன் பேட்டரி செத்து ஐந்து வருஷமாகிறது. அந்த ஊர்க் குழந்தைகளுக்கோ பகலில் பிறக்கிற வழக்கமே இல்லை. தலையைத் தாங்க ஒரு கை, தாயின் வயிற்றில் ஒரு கை. டார்ச்சை யார் பிடிப்பது? ஆண்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது. கூட வரும் சொந்தக்காரப் பெண்களிடம் கொடுத்தால், ரத்தத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்; முகத்தோடு வெளிச்சமும் சுவருக்குப் போய்விடும். ஆக, பல்தான்.

பல்லுக்கு ஏற்ற டார்ச் கிடைப்பது லேசில்லை. தடிமனாக இருந்தால் அரை மணியில் தாடை பிடித்துக்கொள்ளும். பட்டன் அடியில் இருக்க வேண்டும், அதுவும் நாக்கு நுனியால் அமுக்கினாலே கேட்க வேண்டும். கரண்டில் சார்ஜ் போடும் வகையறா ஆகாது. ஊர்ப் பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரிதான் போட முடியும். சில டார்ச்சுகளில் மூன்றாவது அமுக்கலுக்குப் பளிச் பளிச்சென்று வெட்டும். "பிள்ள பொறக்கற இடத்துல டான்ஸா ஆடறாங்க?" என்று அதை அவள் உடனே ஒதுக்கிவிடுவாள்.

எல்லாவற்றுக்கும் மேலே, வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிய வேண்டும். இதில் மட்டும் டொர்கஸ் பேரம் பேசமாட்டாள். காரணம் ஜெமிமா.

நாலு வருஷமாகிறது. ஜெமிமாவுக்கு இருபத்துமூன்று வயது, இரண்டாவது பிரசவம். டொர்கஸிடம் அப்போது இருந்தது முப்பத்தைந்து டாலர் மஞ்சள் டார்ச். ஒரே வெளிச்சம், கண்ணைக் குத்துகிற வெள்ளை. பிள்ளை சுகமாகப் பிறந்தது, நஞ்சும் வந்தது. துடைத்துப் படுக்க வைத்துவிட்டு முகத்தில் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். உதடு சிவந்திருந்தது. வலிக்கு வலி நடுவே பெண்கள் பாக்கு போடுவது அந்தப் பக்கத்து வழக்கம்; ஜெமிமாவும் சாயங்காலம் முதல் அதோடு, அங்கே வெற்றிலைக்குப் பதிலாகப் போடும் வெற்றிலைக்கொடிக் காயும் சுண்ணாம்பும் சேர்த்து மென்றுகொண்டிருந்தவள்தான். டொர்கஸ் அதை யோசிக்கவில்லை. நல்ல ரத்தம் என்று நினைத்தாள்.

"கண்ணு கூசுது சிஸ்டர். அணைச்சிடுங்களேன், தூங்கறேன்" என்றாள் ஜெமிமா. இருந்ததோ கடைசி பேட்டரி. டொர்கஸ் அணைத்தாள்.

தூண்கள்மேல் உயர்த்திக் கட்டி, பனைச் சிம்பு பரப்பிய தரை அது, இடுக்கு இடுக்காக இருக்கும். ரத்தம் பாயில் தேங்கவில்லை. இடுக்கு வழியாக அடியில் இருந்த மண்ணுக்கு இறங்கிவிட்டது. அரை மணி கழித்து டார்ச்சைப் போட்டபோதும் உதடு அதே சிவப்பாகத்தான் இருந்தது. கை மட்டும் குளிர்ந்து கிடந்தது. பாவி, அந்த உதட்டை நம்பி அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.

சாவுக்கு ஈடாக ஜெமிமாவின் தாய் வீட்டார், அந்தப் பக்கத்தில் பணமாகச் செல்லும் சிப்பி மாலை கேட்பார்கள் என்று ஊரே எதிர்பார்த்தது. கேட்டிருந்தால் டொர்கஸ் பத்து மாலைகூடப் புரட்டிக் கொடுத்திருப்பாள். ஜெமிமாவின் அம்மா நேரே வந்து நின்று ஒன்றுதான் கேட்டாள்: "விளக்க ஏன் அணைச்ச?" பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அன்றோடு டொர்கஸ் பாக்கை விட்டாள். முப்பது வருஷப் பழக்கம். ஒரு வாரம் பைத்தியம் பிடித்தவள் போல ஊரைச் சுற்றினாளாம். இப்போது கர்ப்பிணி யார் எதிரே வந்தாலும், "துப்பு! வாயக் கழுவு!" என்பதுதான் அவள் வணக்கம். உதட்டைப் பார்க்கவே மாட்டாள். கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்து உள்பக்கத்துச் சிவப்பைத்தான் பார்ப்பாள். அதற்குப் பெரிய வெளிச்சம் வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு தாய் தூங்கவும் வேண்டும், விளக்கும் அணையக்கூடாது. அதற்குச் சின்ன வெளிச்சம், ஒற்றைப் பேட்டரியில் விடிகிற வரை எரிகிற மாதிரி. உப்புக்காற்றில் செத்துப்போன பழைய டார்ச்சுகள் எல்லாவற்றையும், பல் தடத்தோடு, ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். மஞ்சள் டார்ச்சும் அதில்தான் கிடக்கிறது.

போன வாரம் அலையில் படகு தூக்கிப் போட்டதில், கையில் இருந்த நல்ல டார்ச் கடலுக்குப் போயிற்று. அது போன நேரமும் நல்ல நேரமில்லை. ஜெமிமாவின் தங்கை ஓலிவுக்கு இந்த வாரம் நாள். தலைச்சன் பிள்ளை. புருஷன் மரம் வெட்டும் முகாமில் இருக்கிறான். மூன்று மாதமாக டொர்கஸ் ஆள்மேல் ஆள் அனுப்பியும் ஓலிவ் பரிசோதனைக்கு வரவில்லை. ஏன் வருவாள்? இன்று பிள்ளைத் துணி வாங்க ஆவ்கிக்கு வந்திருந்தாள். ஒரு மணிக்குக் கிளம்பும் அதே படகில்தான் இருவரும் திரும்ப வேண்டும். வாசல் நிழலில், டொர்கஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தாள். வலி வந்தால் அந்த ஐந்து மணி நேரக் கடலுக்கு அந்தப் பக்கம் டொர்கஸைத் தவிர அவளுக்கு வேறு கதியில்லை.

"இதப் பாருங்க" என்று ஹெட்லி ஒரு கறுப்பு டார்ச்சை எடுத்து வைத்தான். விரல் நீளம். "மூணு வெளிச்சம். முதல்ல சின்னது, அப்புறம் நடுத்தரம், அப்புறம் பெருசு. ஒத்த பேட்டரி. நூத்தி நாப்பது."

"அம்மாடி! ஹெட்லி, நான் டார்ச் கேட்டேன், படகு இன்ஜின் கேக்கல."

"அப்ப முப்பத்தஞ்சுக்கு இது இருக்கு." மஞ்சள் டார்ச். அச்சு அசல் அதே.

டொர்கஸ் அதைத் தொடவில்லை. "அத உள்ள வை" என்றாள். குரல் மாறியிருந்தது. ஹெட்லி உள்ளே வைத்தான்.

கறுப்பு டார்ச்சைக் கடித்தாள். நழுவவில்லை. பின்னால் அரிசி மூட்டைகள் அடுக்கிய இருட்டு அறைக்குள் போய் நாக்கால் அமுக்கினாள். சின்ன வெளிச்சத்தில் உள்ளங்கை ரேகை தெரிந்தது. கண் கூசவில்லை. கையில் இருப்பது இருநூறு, அதில் நூற்றைம்பது படகுக்கூலி. பெருமூச்சு விட்டாலும் டார்ச்சை வாயிலிருந்து எடுக்க மனசில்லை. கடைசிச் சோதனை ஒன்று பாக்கி: நிறம். மட்டமான டார்ச் எல்லோரையும் நீலமாக்கிவிடும். ஹெட்லியை இழுத்து அவன் இமையைப் பிதுக்கினாள்.

"ராத்திரி என்ன குடிச்ச?" என்றாள், டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு.

"ஒண்ணே ஒண்ணு சிஸ்டர்."

"கண்ணு செம்பருத்தி மாதிரி இருக்கு. இத வெச்சு எந்த டார்ச்ச நம்பறது?"

அப்போதுதான் ஓலிவ் உள்ளே வந்தாள். "சாமான் ஏத்தியாச்சாம். கூப்பிடறாங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். வாசலில் மூன்றே படிகள். அதற்கு அந்த மூச்சு அதிகம்.

"ஓலிவ், கண்ணக் கொஞ்சம் காட்டும்மா."

"எனக்கு ஒண்ணும் பாக்க வேணாம்."

"உன்ன யாரு பாக்கறா? டார்ச்சப் பாக்கணும். நிறம் சரியா காட்டுதான்னு."

"டார்ச்சுக்கா?" ஓலிவ் சிரித்துவிட்டாள். வாயெல்லாம் சிவப்பு. "சரி, பாத்துக்கோங்க."

டொர்கஸ் டார்ச்சைப் பல்லில் பிடித்து, இரண்டு கையாலும் அவள் முகத்தைத் தாங்கி, கட்டைவிரலால் இமையை இழுத்தாள். வெள்ளை. உரித்த மரவள்ளிக்கிழங்கு நிறம். நாக்கால் அமுக்கினாள், நடு வெளிச்சத்திலும் வெள்ளை. பெரிய வெளிச்சம். அதிலும் வெள்ளை. டார்ச் பொய் சொல்கிறதோ என்று நினைத்தாள், சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். திரும்பி ஹெட்லியின் கண்ணில் அடித்தாள். சிவப்பு. மறுபடி ஓலிவின் அடுத்த கண்.

"எப்படி, நல்ல டார்ச்தானா?" என்று ஓலிவ் கேட்டாள்.

டொர்கஸ் அதை வாயிலிருந்து எடுத்தாள். "நல்ல டார்ச். எந்திரி. நாம படகுல போகல."

"என்னது?"

"இந்த ஊரு ஆஸ்பத்திரிக்குப் போறோம். உன் ஒடம்புல ரத்தம் இல்லடி. இப்படியே வலி வந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. டார்ச்ச வெச்சுக்கிட்டுப் பாத்துட்டுத்தான் இருப்பேன்."

"அங்க எனக்குச் சோறு யாரு கொண்டாருவா? அம்மா தேடுவா."

"சோறு நான் கொண்டாறேன். படகுக்காரன் கிட்ட அம்மாவுக்குச் சொல்லி அனுப்பறேன்."

"என்னன்னு?"

"கண்ணப் பாத்துட்டேன்னு" என்றாள்.

ஓலிவ் கன்னத்தில் அடக்கியிருந்த பாக்கை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்தாள். டொர்கஸ் ஒரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மடித்து வைத்திருந்த படகுக்கூலியை அப்படியே மேஜைமேல் போட்டாள். எண்ணவில்லை.

இருவரும் படியிறங்கி ஆஸ்பத்திரி ரோட்டில் திரும்பினார்கள். உச்சி வெயில். துறையில் படகு கிளம்பும் சத்தம் கேட்டது.

"ஏய் நர்ஸ்!" என்று மிஸிஸ் ஹோ நாற்காலியிலிருந்து கத்தினாள். "லைட் எரியுது! பேட்டரி போயிடும்!"

டொர்கஸ் குனிந்து கையிலிருந்த டார்ச்சைப் பார்த்தாள். பட்டன்வரை போன கட்டைவிரலை எடுத்துக்கொண்டு, அது எரிய எரிய, அந்த வெயிலில் நடந்தாள்.