மழே என்று கத்தியவர்கள்

போன வாரம் சின்னசேலத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் ஜவ்வரிசிப் பாயசம் ஊற்றினார்கள். எனக்குச் சர்க்கரை. பக்கத்து இலையிலிருந்து மனைவி முறைத்தாள். ஒரு வாய்தான் என்று கெஞ்சிக் குடித்தேன். அந்த வழுவழுப்பு நாக்கில் பட்டதும் முப்பது வருஷம் பின்னால் போய் விழுந்தேன். விழுந்த இடத்தில் பாயச வாசனை கிடையாது, புளித்த கிழங்குத் தண்ணீர் நாற்றம்தான்.

அந்த நாற்றத்தை எப்படிச் சொல்ல? மூன்று நாள் மூடி வைத்த இட்லி மாவுக் குண்டானுக்குள் தலையை விட்டுப் பாருங்கள், ஓரளவு புரியும். பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருக்கும். நான் நைனார்பாளையத்துக்காரன், பி.எஸ்சி. படித்தவன், இருபத்து நாலு வயதில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் சூப்பர்வைசர். அதில் எனக்கு இருந்த மிதப்பு கொஞ்சநஞ்சமில்லை.

ஆலைக்குப் பின்னால் பெரிய சிமென்ட் களம். மலையிலிருந்து லாரியில் வரும் மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலைத் தெளியவைத்து, மாவை உருட்டி, வறுத்து, கடைசியாக ஜவ்வரிசியை இந்தக் களத்தில்தான் காயப்போடுவோம். முப்பது பெண்கள் பலகையை இழுத்துக் கிளறிக்கொண்டே இருப்பார்கள். கல்வராயன் மலைமேல் மேகம் கருத்தால் கால் மணி நேரத்தில் எங்கள் தலைமேல் நிற்கும்.

அதனால் அந்தக் களத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மேகத்தை யார் முதலில் பார்த்தாலும் "மழே!" என்று கத்த வேண்டும். கத்தியது யார், நிஜமாகவே மழைதானா என்று யாரும் கேட்கக் கூடாது. முதலாளியே நின்றாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, வாரிக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். யார் ஏற்படுத்தினார்களோ தெரியாது, எனக்கு முன்பே இருந்தது.

அதிகம் கத்தியது அஞ்சலை. மலையடிவாரத்து ஊரிலிருந்து நடந்தே வேலைக்கு வருவார். கணவர் மரத்திலிருந்து விழுந்து நடை போனவர். வீட்டில் அடுப்பு எரிவது இவர் கூலியில்தான். மேகத்தைப் பார்த்துப் பழகிய கண், பத்துக்கு எட்டு முறை தப்பாது.

தப்பிய ஒரு நாளில்தான் என் புத்தி கெட்டது. அஞ்சலை கத்தினார், எல்லாவற்றையும் வாரி மூடினோம். மேகம் எங்களைப் பார்த்துவிட்டு ஆத்தூர் பக்கம் திரும்பிவிட்டது. வெயில் பல்லைக் காட்டியது. அரை நாள் வெயில் வீணான ஆத்திரத்தில், என்னைவிட இருபது வயது மூத்தவரை முப்பது பேர் முன்னால் கேட்டேன்.

"கண்ணு இன்னா அவிஞ்சா போச்சி? இனிமே நான் சொன்னாதான் வாரணும். ஒருத்தரும் கத்தக் கூடாது."

"சரிங்க சார்" என்று பலகையை எடுத்துக்கொண்டு போனார். ஒழுங்கைக் கொண்டுவந்துவிட்டதாக நினைத்து அன்றைக்கு ஒரு டீ அதிகமாகக் குடித்தேன்.

பத்து நாள் ஆகியிருக்கும். வறுக்கும் கொட்டகைக்குள் அடுப்பு சரியில்லை என்று கத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று கூரை ஓட்டில் படபடவென்று சத்தம். ஓடிவந்து பார்த்தால் பேய்மழை. களத்தில் முப்பது பேரும் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். காலடியில் ஒரு லோடு ஜவ்வரிசி கஞ்சியாக ஓடுகிறது.

"மேகம் கண்ணுக்குத் தெரியலியா?" என்றேன்.

"தெரிஞ்சிதுங்க சார்" என்றார் அஞ்சலை. "நீங்க சொல்லுவீங்கன்னு நின்னுக்கினு இருந்தோம்."

குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே அப்படித்தான் நின்றிருந்தார்.

மழை விட்டதும் முதலாளி வந்தார். களத்தைப் பார்த்தார். "அஞ்சல இல்லியா இன்னிக்கு?" என்றார். கூட்டத்தில் அவரைப் பார்த்ததும், "இருந்துமா இப்பிடி? நாளைலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடு" என்றார் என்னிடம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் எனக்கு வந்தது நிம்மதி. நான் தப்பித்தேன். முப்பது பேரில் ஒருவர்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அஞ்சலை ஈர முந்தானையைப் பிழிந்துவிட்டு, சுவரோரம் வைத்திருந்த தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார். அந்தத் தூக்குச்சட்டியைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

"நான்தாங்க கத்தக் கூடாதுன்னு சொன்னேன். அவங்க மேல தப்பில்லீங்க."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப களத்த நீயே கழுவு" என்று சொல்லிவிட்டுப் போனார். கழுவினேன். கஞ்சி காய்ந்தால் சிமென்ட்டை விடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கேட் வரை போன அஞ்சலை திரும்பி வந்து, இன்னொரு துடைப்பத்தை எடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பழையபடி கத்துங்கள் என்றேன். "சரிங்க சார்" என்றார்கள். யாரும் கத்தவில்லை. மலைப் பக்கம் லேசாக மங்கினால் முதலில் என் முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம்தான் வானத்தை. அஞ்சலையும்தான். நான் செய்த வேலை அப்படி.

அதைச் சரிசெய்தது என் சாமர்த்தியம் இல்லை, என் முட்டாள்தனம். ஒரு மத்தியானம் தைல மரங்களுக்குப் பின்னால் கருகருவென்று எழும்புவதைப் பார்த்து "மழே! மழே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அத்தனை பேரும் ஓடினார்கள். வாரி, குவித்து, மூடி முடித்தபோது காற்றில் தீய்ந்த வாசனை வந்தது. பக்கத்துக் கரும்புக் கொல்லையில் யாரோ தோகையைக் கொளுத்தியிருந்தார்கள்.

அஞ்சலை பலகையில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், கண்ணு அவிஞ்சி போச்சா?"

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது நான்தான். அப்புறம் களமே சிரித்தது. தார்ப்பாயை உருவிப் போட்டு, அவர்களோடு சேர்ந்து கொதிக்கும் சிமென்ட்டில் ஜவ்வரிசியைத் திரும்பப் பரப்பினேன். கால் கொப்பளித்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் "மழே!" என்று கத்தினாள். மழை வரவில்லை. நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு பெரிய கம்பெனிகளில் இருந்தேன். ஆட்களை எப்படி நடத்துவது என்று ஏ.சி. அறையில் உட்காரவைத்து வகுப்பெல்லாம் எடுத்தார்கள். எனக்கு அங்கே தூக்கம்தான் வந்தது.

கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் மனைவியை மண்டபத்தில் விட்டுவிட்டு ஆலைப் பக்கம் போனேன். களம் இல்லை. அந்த இடத்தில் தகரக் கொட்டகை, உள்ளே காயவைக்கும் மெஷின். நல்லதுதான், இனி யார் காலும் கொப்பளிக்காது. கேட்டிலிருந்த வாட்ச்மேனிடம் அஞ்சலையைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தம்மா தவறிப் போயி ரெண்டு வருசம் ஆவுதுங்க."

அவர் வேலைக்கு நடந்து வரும் வழியைப் பார்த்தேன். மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. என்னையறியாமல் "மழே!" என்று கத்திவிட்டேன். வாட்ச்மேன் திடுக்கிட்டு எழுந்தார். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் வெளியே வரவில்லை.

மண்டபத்துக்குத் திரும்பப் பஸ் ஸ்டாப்புக்கு நடப்பதற்குள் மேகம் ஆத்தூர் பக்கம் திரும்பிவிட்டது. ஒரு சொட்டு விழவில்லை. கண்ணு அவிஞ்சி போச்சா என்று கேட்கத்தான் ஆளில்லை.