நடுவில் விழுந்த பந்துகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆடிக் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்த நாட்கள். இடம், சென்னையை அடுத்த கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை. பன்னிரண்டு நாட்களில் நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. செவ்வாய்க்கிழமை காலைப் பயிற்சியில், எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த ஸ்மாஷ் ஒன்று என் இடது கண்ணில் அறைந்தது.

2. ஐஸ் வைத்தேன். இரண்டு நாளில் சிவப்பு போய்விட்டது.

3. சனிக்கிழமை, கண்ணுக்குள் கொசு பறப்பதுபோல் கறுப்புப் புள்ளிகள். மணல் விழுந்திருக்கும் என்று கழுவிக்கொண்டேன்.

4. திங்கட்கிழமை, விளக்கை அணைத்ததும் இடது ஓரத்தில் ஒரு மின்னல் கீற்று. தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன்.

5. வியாழனும் வெள்ளியும் நானும் என் ஜோடியும் ஒரே விஷயத்துக்காக நான்கு முறை சண்டை போட்டோம்.

6. அடுத்த சனிக்கிழமை, அரையிறுதியில் தோற்றோம்.

இந்த ஆறும் ஒரே விஷயம் என்பது எனக்குத் தெரியவில்லை. அதை எனக்குச் சொன்னவர், எங்களைத் தோற்கடித்தவர்.

நான் படித்தது கருவியியல் பொறியியல். அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பதுதான் அந்தப் படிப்பின் சாரம். படித்து முடித்து வேலைக்குப் போகாமல் கடற்கரை வாலிபால் ஆட வந்து, அப்போது நான்காவது ஆண்டு. இரும்புலியூரில் வீடு. விடியற்காலையில் ஸ்கூட்டரில் கிளம்பி, பகலில் தலைமுடியெல்லாம் மணலாகத் திரும்பி வருவேன். "பி.இ. முடிச்சுட்டு மண்ணுல உருளுது பாரு" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

இந்த ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு இரண்டே பேர். நான் வலப்பக்கம், என் ஜோடி இடப்பக்கம். இருவருக்கும் நடுவில் விழும் பந்து யாருடையது என்பதுதான் எந்த ஜோடிக்கும் தீராத தகராறு. எங்கள் ஒப்பந்தப்படி சர்வில் வரும் நடுப்பந்து என்னுடையது. "என்னுது" என்று நான் கத்த வேண்டும். அந்த வாரம் நான் கத்தவில்லை. பந்து எங்களுக்கு நடுவே மணலில் விழுந்துகொண்டே இருந்தது.

"உன் பந்துடி அது! வேடிக்கை பாக்கறியா?"

"நீயாவது கத்தியிருக்கலாம்ல?"

"வர்ற பந்தையே பாக்காதவகிட்ட என்னன்னு கத்தறது?"

கோபத்தில் அவள் சொன்னதுதான் உண்மை. அது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எதையும் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு. அன்றைக்குப் போனில் இப்படிக் குறித்தேன்: "சரிசெய்ய வேண்டியவை: நடுப்பந்து. சத்தமாகக் குரல் கொடுக்கணும்."

அந்தப் போட்டியில் முதல் மூன்று ஜோடிகளுக்குத் தேசியப் பயிற்சி முகாமில் இடம். அரையிறுதியில் எதிரே நின்றவர் வடசென்னை அக்கா ஒருவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவருடைய சர்வுக்கு எவ்வளவு பயப்படுவோமோ, அவ்வளவு பயம் அவர் வாய்க்கும். எதிராளியின் பலவீனம் எங்கே என்று தேடி, கிடைத்த இடத்திலேயே திரும்பத் திரும்பப் போடுவதுதான் எங்கள் ஆட்டத்தின் வழக்கம். அவர் அதில் கெட்டிக்காரர். இரண்டாவது செட்டில் ஏறக்குறைய எல்லா சர்வும் எங்கள் நடுவில்தான் வந்தது. சுருண்டோம்.

முடிந்ததும் வலைக்கு அடியில் கை குலுக்கினோம். அந்த அக்கா என் கையை விடவில்லை.

"இரு. எடது கண்ணுல இன்னா ஆச்சு உனுக்கு?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். "ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லியா? மொத செட்ல சும்மா போட்டேன். ரெண்டாவதுல வோணும்னே போட்டேன். பந்து வரசொல்லோ நீ தலையே திருப்பல. ஒன் பார்ட்னரு ஓடியார சத்தம் கேட்டுதான் திரும்புற. ஒக்காரு இங்க."

மணலில் உட்கார வைத்து, தன் உள்ளங்கையால் என் வலது கண்ணை மூடினார். "நேரா என் மூக்கப் பாரு. எடப்பக்கத்துல வெரலு தெரிஞ்சா சொல்லு."

மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று அடித்தது. நேரம் போனது.

"எப்பக்கா காட்டுவீங்க?"

"ஆட்டிகினுதான் கீறேன்மா."

அந்த விரல்கள் கிட்டத்தட்ட என் முகத்துக்கு எதிரே வந்த பிறகுதான் தெரிந்தன. அடுத்து என் ஜோடிக்கும் அதே சோதனை. அவள் தோளுக்குப் பக்கத்திலேயே விரலைப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்தாள். "ரெண்டு நாளா உன்ன திட்டித் தீத்துட்டேனேடி" என்றாள்.

எங்களுக்கு இன்னும் ஒரு ஆட்டம் இருந்தது. நான்கு மணிக்கு மூன்றாம் இடத்துக்கான போட்டி. ஜெயித்தால் முகாம். "அதை மட்டும் ஆடிட்டு நேரா டாக்டர்கிட்ட போறேன்க்கா" என்றேன்.

"ஆடேன். எதிர் டீம் கையில எங்க போடணும்னு நானே சொல்லி அனுப்பறேன்."

சிரிக்காமல் சொன்னார். செய்யக்கூடியவர்தான். நான் என் ஜோடியைப் பார்த்தேன். விலகினால் போவது என் இடம் மட்டும் இல்லை, அவள் இடமும்தான். அவள் ஏற்கெனவே ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்திருந்தாள்.

தாம்பரத்தில் கண் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு வேகத்தடையிலும் "சாரிடி, சாரிடி" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு வெகுநேரம் பார்த்தார் டாக்டர்.

"எத்தனை நாளா பூச்சி பறக்குது?"

"ஒரு வாரம் சார். மணல்னு நினைச்சேன்."

"விழித்திரை கிழிஞ்சு ஓரத்துல உரிய ஆரம்பிச்சிருக்கு. நல்லவேளை, நடுப்பகுதி இன்னும் ஒட்டிட்டு இருக்கு. அதுவும் போயிருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன். இன்னிக்கு விளையாடலையே?"

"ஒரு மேட்ச் ஆடினேன் சார். இன்னொண்ணு இருந்துச்சு. வந்துட்டோம்."

அவர் என் ஜோடியை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுநாள் காலை அறுவை சிகிச்சை என்று எழுதினார்.

ஆடாமல் அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். மாலை ஆறு மணிக்கு என் ஜோடியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். "கப்பு எங்களுதுதான். அத்த வுடு. கண்ணு இன்னாச்சு?"

சொன்னோம். பிறகு, "ஒழுங்கா படுத்துக் கெட" என்று சொல்லி வைத்துவிட்டார். அதுவரை அழாத நான் அப்போது அழுதேன். பயத்தில் இல்லை. தப்பித்துவிட்டேன் என்பது அந்தத் திட்டில்தான் உறைத்தது.

கட்டுப் பிரித்த அன்று முதல் வேலையாக என் ஜோடி விரலை ஆட்டிக்கொண்டு வந்தாள். முன்பு தெரியாத இடத்தில் விரல் தெரிந்தது. எத்தனை விரல் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால் அசைவது தெரிந்தது. வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

டாக்டர் அனுமதித்து, மறுபடி களத்தில் இறங்க எட்டு மாதம் ஆனது. முதல் போட்டியிலேயே எதிரே அதே அக்கா. நானும் என் ஜோடியும் பக்கம் மாறி, நான் இடப்பக்கம் நின்றேன். முதல் சர்வை எங்கே போட்டார் என்று நினைக்கிறீர்கள்? என் இடது ஓரக்கோட்டை ஒட்டித்தான். "என்னுது" என்று கத்திக்கொண்டு பாய்ந்து எடுத்தேன். அந்தப் புள்ளி எங்களுக்குத்தான்.

வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நடுவர் முறைக்கும் அளவுக்குச் சத்தம் வந்தது. "ஆங், கீது கீது! கண்ணு கீது!"

அந்த ஆட்டத்திலும் எங்களைத் தோற்கடித்துவிட்டுத்தான் போனார்.

இப்போதைய நிலவரம் இதுதான். நேர்ப்பார்வை முழுதாக இருக்கிறது. இடது ஓரம் சற்று மங்கல். அதனால்தான் நானும் என் ஜோடியும் பக்கம் மாறிக்கொண்டது. நான் இடப்பக்கம் ஆடுவதால் நடுப்பந்து எனக்கு வலப்பக்கத்தில் வருகிறது. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் களத்தில் இறங்குவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. சென்ற ஆண்டு நாங்கள் இருவரும் முகாமுக்கும் போய் வந்தோம். எங்கள் பலவீனத்தைத் தேடி யாராவது சர்வ் போட்டால் இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை. என் இடது கண் இன்று இருப்பது, ஒருவர் அதை அவ்வளவு உன்னிப்பாகத் தேடியதால்தான்.