அது சென்ட் இல்லங்க

போன ஞாயிற்றுக்கிழமை உத்தமபாளையத்தில், என் தம்பி வீட்டுக் கூடத்தில், வந்த விருந்தாளிகள் முன்னால் நான் ஒரு பொய் சொன்னேன். சாதாரணப் பொய்யாக இருந்தால் இந்த வாரம் வேறு ஏதாவது எழுதியிருப்பேன். இது தொண்டையில் மாட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

தம்பி மகள் கௌசல்யாவைப் பெண் பார்க்கக் கம்பத்திலிருந்து வந்திருந்தார்கள். திராட்சைத் தோட்டக்காரர்கள். பையனுக்கு அரசாங்க வேலை. நல்ல இடம், கைநழுவிப் போய்விடக் கூடாது என்று தம்பி வீட்டில் எல்லோருக்கும் கவலை. தேனியிலிருந்து நான் வெள்ளிக்கிழமையே போய் இறங்கிவிட்டேன். அத்தை இல்லாமல் ஒரு நல்ல காரியம் நடக்குமா? நடந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கௌசிக்கு ஆஸ்துமா. சின்ன வயதில் ஆடிக் காற்று ஆரம்பித்தால் — இந்தப் பள்ளத்தாக்கில் அது எப்படி அடிக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை — அவளுக்கு இளைப்பும் ஆரம்பித்துவிடும். தம்பி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவான்.

இப்போது அதெல்லாம் இல்லை. பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் ஒழுங்காகக் காட்டுகிறாள். காலையிலும் இரவிலும் ஒரு இன்ஹேலர், இளைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். எடுத்ததும் வாய் கொப்பளித்துவிடுவாள். திடீரென்று மூச்சு முட்டினால் எடுக்க நீல நிறத்தில் இன்னொன்று. அதை வீட்டில் ‘பம்பு’ என்பார்கள். போன ஆடி முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாமல் கம்பத்தில் பேங்க் வேலைக்குப் போய்வந்தாள். சாயங்காலம் பேட்மின்டன் வேறு!

இவ்வளவு நன்றாக இருக்கிற பெண்ணிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“நல்லாத்தான இருக்க... ரெண்டு நாளைக்கு அந்த மருந்த நிறுத்துனா என்ன? வீட்டுக்கு ஆளுக வந்து போறாக. அலமாரில இதெல்லாம் இருந்தா என்ன நினைப்பாக?”

“மருந்து எடுக்கிறதுனாலதான் அத்தே நல்லா இருக்கேன்.”

“ரெண்டே நாளுடி. யாராவது கேட்டா டஸ்ட் அலர்ஜின்னு சொல்லிக்குவோம்.”

டஸ்ட் அலர்ஜி! நம் பக்கத்தில் ஆஸ்துமா என்ற நோயே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? டஸ்ட் அலர்ஜி உண்டு. சைனஸ் உண்டு. ‘லேசா வீசிங்’ உண்டு. ‘சளி பிடிக்கிற உடம்பு’ உண்டு. மாப்பிள்ளைக்குச் சர்க்கரை என்றால், இந்தக் காலத்தில் யாருக்குத்தான் இல்லை என்று தட்டிக்கொடுக்கிறோம். கல்யாண வயதில் பெண் இருக்கிற வீட்டில் மட்டும் அந்த நாலெழுத்து வாசல்படி தாண்டக் கூடாது.

கௌசி முனகினாள். அவள் அம்மாவும் என் பக்கம் சேர்ந்துகொண்டதும் விட்டுவிட்டாள். தினசரி இன்ஹேலரை பீரோவில் வைத்துப் பூட்டினேன். பம்பை என் கைப்பையில் போட்டுக்கொண்டு, “எங்கிட்டதான இருக்கு, வேணும்னா வாங்கிக்க” என்றேன், பெரிய மனசு பண்ணுகிறவள் போல.

ஞாயிறு காலை, வீடு மணக்க வேண்டும் என்று மூலைக்கு மூலை சாம்பிராணி போட்டதும் நான்தான். புகை அவளுக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதைத் தவிர வேறு எதுவும் அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

வந்தார்கள். உட்கார்ந்தார்கள். கௌசி காபித் தட்டோடு வந்தாள். பையனின் அம்மாவிடம் டம்ளரை நீட்டும்போதே அவள் தோள்பட்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டேன். சத்தமும் கேட்டது... மெல்லிசாக, விசில் மாதிரி. இன்னும் கொஞ்ச நேரம்தானே, சமாளித்துவிடுவாள் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஆமாம், உட்கார்ந்தேதான் இருந்தேன். எழுதவே கூசுகிறது.

தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் நேராக என் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

“அத்தே... அதக் குடுங்க.”

பைக்குள் கையை விட்டேன். பாதி எடுத்தும்விட்டேன். அதற்குள் பையனின் அம்மா, “என்னங்க அது?” என்றார்.

“சென்ட்டுங்க” என்றேன். “பிள்ளைக்கு வேர்த்தாப் பிடிக்காது...”

சொல்லிவிட்டு என்ன செய்தேன் என்கிறீர்கள்? அதைத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டேன். மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளை எதிரே நிற்கிறாள், நான் ஜிப்பை இழுத்து மூடுகிறேன்!

கௌசி குனிந்து என் மடியிலிருந்த பையைப் பிடுங்கினாள். திறந்தாள். பம்பை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

“அது... சென்ட் இல்லங்க. எனக்கு... ஆஸ்துமா.”

தம்பி உள்ளே ஓடி ஸ்பேசரை — பம்பை மாட்டி மூச்சிழுக்கிற அந்தப் பிளாஸ்டிக் குழாயை — கொண்டுவந்தான். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குலுக்கி, ஒரு அழுத்து, நிதானமாக மூச்சு. மறுபடி குலுக்கி, ஒரு அழுத்து. பையன் எழுந்து சாம்பிராணித் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போய் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தான். அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராயிற்று.

“எப்பருந்து இளைப்பு?” என்று அந்த அம்மா கேட்டார்.

“சின்னப் பிள்ளையிலருந்து. தினமும் மருந்து எடுத்துக்கிட்டா ஒன்னும் பண்ணாது. ரெண்டு நாளா எடுக்கல.”

“ஏன் எடுக்கல?”

கௌசி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பி முறைத்திருந்தால்கூடத் தேவலை. “விட்டுப்போச்சுங்க” என்றாள். அவ்வளவு நேரம் உண்மையே பேசிய பெண், என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று ஒரு பொய் சொன்னாள். செத்துப்போகலாம் போல் இருந்தது எனக்கு.

“நாங்க திராட்சைக்கு மருந்தடிப்பம். அந்த வாடை உனக்கு ஆகாதே ஆத்தா?”

“ஆகாதுதான். மருந்தடிக்கிற அன்னைக்கு அங்கன வர மாட்டேன்.”

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். “சொல்லிவிடுறோம்” என்று கிளம்பிவிட்டார்கள். பாதிக் காபி டம்ளர்களிலேயே ஆறிக் கிடந்தது.

மறுநாள் கௌசியோடு நானும் சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டர் ஒரு குழாயைக் கொடுத்து வேகமாக ஊதச் சொன்னார். அதிலிருக்கும் முள் வழக்கமாக ஏறுகிற இடம் வரை ஏறவில்லை.

“நல்லா கன்ட்ரோல்ல இருந்துச்சே... என்னாச்சு?”

கௌசி மறுபடி எனக்காக ஏதாவது சொல்லித் தொலைப்பாளே என்று முந்திக்கொண்டேன். “நான்தான் டாக்டர், ரெண்டையும் எடுத்து ஒளிச்சு வச்சேன்.”

“பம்பையுமா?”

“என் கைப்பையிலதான் இருந்துச்சு...”

டாக்டர் திட்டவில்லை. “அது எப்பவும் கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும்மா” என்றார். “அவங்க கைக்கு.”

வரிசையில் காத்திருந்தவர்கள் காதில் அது விழுந்திருக்கும். விழட்டும்.

சில மாதங்களுக்கு முன் இதே பக்கத்தில், ‘நோய் என்ன திருட்டு நகையா, ஒளித்துவைக்க?’ என்று வீராவேசமாக எழுதியிருந்தேன். தன் மகளிடம் வாசித்துக் காட்டியதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். அம்மா, உங்கள் மகளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அதை எழுதிய கையும் ஜிப்பை இழுத்து மூடிய கையும் ஒரே கைதான்.

புதன்கிழமை தரகரிடமிருந்து போன். தம்பி ஸ்பீக்கரில் போட்டான். கூடத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

“பொண்ண ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். அம்புட்டுப் பேருக்கு முன்னால மறைக்காமச் சொன்னதுல அந்தம்மாவுக்கு அம்புட்டு சந்தோசம். இளைப்புக்குத்தான் மருந்து இருக்கே, பாத்துக்கிரலாம்னுட்டாக. வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடியும் வர்றாகளாம்... ஆனா ஒரு விசயம் மட்டும் கேட்டாக.”

“என்ன?” என்றான் தம்பி.

“அந்த சென்ட் அத்தையும் இருப்பாகளான்னு.”

தம்பி ஸ்பீக்கரை அணைத்தான். அணைத்து என்ன பிரயோஜனம்? கௌசிதான் முதலில் சிரித்தாள். விசில் சத்தம் கலக்காத, மூச்சு நிறைந்த சிரிப்பு. என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்றாலும் கேட்க நன்றாக இருந்தது.

அன்றைக்கே துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஏற்றிவிட வந்தவள் ஜன்னலோரம் நின்று கேட்டாள்.

“ஞாயித்துக்கிழமை அத்தை எங்கன்னு கேட்டாகன்னா என்ன சொல்ல? டஸ்ட் அலர்ஜின்னு சொல்லிரவா?”

“வேணாம் ஆத்தா... மூஞ்சியக் காட்ட வெக்கமா இருக்காம்னு உள்ளதையே சொல்லிரு.”