சத்தம் போடாத மெஷின்

எனக்குக் கரண்ட் என்றாலே பயம். ஃபியூஸ் போனால் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, மரப்பலகை மேல் ஏறி நின்று… பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற ஆள் நான்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. திருவனந்தபுரத்து முட்டுச்சந்து, மொத்தமே ஏழு வீடு. ரிப்பேருக்கு இரண்டு பேர் வந்தார்கள். முருகேசன், போனக்காடு எஸ்டேட்டில் பிறந்து வித்துராவில் படித்தவர், தமிழில் மலையாளம் கலந்து பேசுவார். செல்வராஜ், வள்ளியூர்க்காரர், குழி தோண்டுகிறவர். அதிகம் பேச மாட்டார்.

குழாய்க்குப் பக்கத்தில் எங்கேயோ கரண்ட் கேபிளும் புதைந்திருக்கிறது. எங்கே? அதுதான் யாருக்கும் தெரியாது! அதைக் கண்டுபிடிக்க முருகேசன் ஒரு மெஷின் வைத்திருந்தார். கையில் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும், கேபிளுக்கு மேலே வந்தால் கூவும்.

நான் சும்மா இருப்பேனா? அவர்கள் சாமான் இறக்குவதற்குள் ஏழு வீட்டுக்கும் போய், கெஞ்சிக் கூத்தாடி மெயின் சுவிட்சை அணைக்க வைத்துவிட்டேன். வந்த இருவரிடம் மட்டும் சொல்லவில்லை. நல்ல காரியம்தானே, எதற்குத் தம்பட்டம்?

முருகேசன் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். மெஷின் மூச்சு விடவில்லை. பேட்டரி மாற்றினார். ஊஹூம். பட்டன்களை மாற்றி மாற்றி அமுக்கினார். ஒன்றுமில்லை.

இங்கே கேபிளே இல்லை போலிருக்கிறது என்று செல்வராஜ் தோண்ட ஆரம்பித்துவிட்டார். முழங்கால் ஆழம் வந்துவிட்டது. முருகேசன் முகம் மட்டும் சரியில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனார். அங்கே அது கூவிய கூவல் எங்கள் தெருவுக்கே கேட்டது.

அப்படியானால் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது!

ஓடி வந்தார். “செல்வா, குத்தாத. அப்படியே நில்லு.” பிறகு என் வாசல் வரை வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார். “சேச்சி, இங்க வல்லதும் ஓஃப் செய்தீங்களா?”

எதையாவதா? ஏழு வீட்டு மெயினும் அணைத்தாயிற்று என்றேன்… கொஞ்சம் பெருமையாகத்தான்.

“கரண்டு ஓடினாத்தான் இதுக்குக் கேக்கும் சேச்சி. நீங்க ஓட்டத்த நிறுத்திட்டீங்க. கேபிள்ல கரண்டு அப்படியே நிக்குது, கேட்டோ.”

வீட்டு மெயினை அணைத்தால் வீட்டுக்குள்தான் கரண்ட் இருக்காது. தெருவுக்கு அடியில் அது பாட்டுக்கு இருக்கும். இந்தச் சின்ன விஷயம்கூட எனக்கு உறைக்கவில்லையே!

வீட்டுக்குள் ஓடினேன். மெயினைப் போட்டு, மோட்டார், அயர்ன் பாக்ஸ், மிக்ஸி என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஓடவிட்டேன். வாசலுக்கு வரும்போதே மெஷினின் அலறல் கேட்டது. முருகேசன் அதைக் குழிக்கு மேலே பிடித்திருந்தார். சரியாக செல்வராஜின் இரண்டு பாதங்களுக்கும் நடுவில். இன்னும் ஒரு சாண் ஆழம்தான் என்றார்.

செல்வராஜ் கடப்பாரையை மெதுவாக வெளியே வைத்துவிட்டு ஏறி வந்தார். எலெக்ட்ரிசிட்டி ஆபீஸிலிருந்து ஆள் வந்து லைனையே நிறுத்தும்வரை குழிப்பக்கம் யாரும் போகவில்லை.

சத்தம் வராவிட்டால் ஆபத்து இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். உடம்பிலும் அப்படித்தான், பிள்ளைகள் விஷயத்திலும் அப்படித்தான். எதை நாமே அணைத்து வைத்தோம் என்று யோசிப்பதில்லை.

செல்வராஜுக்குத் தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, அன்றைக்கு முதல்முறையாக என்னிடம் பேசினார்.

“எந்தப் புண்ணியவான்க்கா மெயின ஆஃப் பண்ணுனது?”