அரை டிக்கெட் அக்கா

என் மாமியார், வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டிச் சாயம் பூசுகிறவர். தெருவில் எவள் தலையில் எவ்வளவு நரை என்பது அவருக்கு அத்துப்படி. தன் வயதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். வற்புறுத்திக் கேட்டால், "இப்பத்தான் அறுபத்தொண்ணு" என்பார். அந்த 'இப்பத்தான்' வருஷக்கணக்கில் நீண்டுகொண்டே போனது.

எதிர்வீட்டில் ஒரு தையல்கார அம்மா. அவர் குடிவந்த அன்றே மாமியார் வாசலில் நின்று, "வாங்கக்கா!" என்று கூவிவிட்டார். யார் முந்திக்கொண்டு அக்கா என்கிறாரோ அவர்தான் சின்னவர், அவ்வளவுதான் கணக்கு. அந்த அம்மாவின் முகம் போன போக்கை என் மாமனார் கடைசிவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

தையல்கார அம்மா மட்டும் லேசுப்பட்டவரா? அக்கா ஆனபின் அக்காவுக்குரிய மரியாதையைக் கறாராக வசூலித்தார். கடை வரிசையில் அவர்தான் முதலில். பஸ்ஸில் ஓர் இடம் காலியானால், "நீ சின்னவ, நின்னுப்ப" என்று பொத்தென்று உட்கார்ந்துவிடுவார். மாமியார் கம்பியைப் பிடித்தபடி பல்லைக் கடிப்பார்.

போன வருஷம் மாமியாரின் முழங்கால் மக்கர் பண்ணியது. நின்று வேலை செய்யவே கூடாது என்றார் டாக்டர். கடையை மூடினால் கைச்செலவுக்கு மகனிடம் கை நீட்ட வேண்டும். அதற்கு அவர் செத்தாலும் சம்மதிக்க மாட்டார். நான் முதியோர் பென்ஷன் பற்றி விசாரித்து வந்தேன்.

"அறுபத்தஞ்சு முடிஞ்சிருக்கணுமாம் அத்தை. உங்களுக்குத்தான் இன்னும் நாலு வருஷம் இருக்கே."

"எனக்காகக் கேக்கல. ஒருத்திக்கு அறுபத்தேழு ஆயிருச்சுன்னு வை. விட்டுப்போன ரெண்டு வருஷத்துக்கும் சேத்துக் குடுப்பாங்களா?"

"மாட்டாங்க. எழுதிக் குடுத்ததுக்கு அப்புறந்தான்."

"அடப்பாவிங்களா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடினேன்.

மறுநாள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பென்ஷன் அலுவலகத்துக்கு வந்தார், ஏதோ கொள்ளையடிக்கப் போகிறவர் மாதிரி. ஜன்னலில் இருந்த பெண்ணுக்கு வெண்கலக் குரல்.

"பிறந்த தேதி சொல்லுங்கம்மா!"

அந்த நேரம் பார்த்துத்தானா தையல்கார அம்மா உள்ளே வர வேண்டும்? அதே அலுவலகத்தில் பஸ் சலுகை அட்டையைப் புதுப்பிக்க வந்தவர், எங்களைக் கண்டதும் நேரே பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"வா, போயிரலாம்" என்று மாமியார் என் கையை இழுத்தார்.

"முழங்காலை நெனச்சுப் பாருங்க அத்தை."

கால் மாற்றி நின்றார். வலியில் முகம் சுளித்தது. எனக்கே பாவமாக இருந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தேதி, மாதம், வருஷம் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னார்.

"அறுபத்தேழு! பென்ஷனுக்கு எப்பவோ வந்திருக்கலாமே! பஸ்ல அரை டிக்கெட்டு அறுபதுலயே உண்டே, யாரும் சொல்லலையா?" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள் அந்தப் பெண்.

தையல்கார அம்மா வாயைப் பிளந்தார். "எனக்கு அறுபத்துநாலுதான்! இத்தனை காலமா நானா உனக்கு அக்கா? இரு, தெரு முழுக்கச் சொல்றேன்!"

மாமியார் கறுப்புக் கண்ணாடியைப் பைக்குள் போட்டு மூடினார். பென்ஷன் அடுத்த மாதத்திலிருந்து வரும் என்றார்கள், பஸ் அட்டையைக் கையோடு கொடுத்துவிட்டார்கள். மூவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். முன்பக்கம் ஒரே ஓர் இடம். தையல்கார அம்மா பழக்கதோஷத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

மாமியார் புது அட்டையால் அவர் தோளைத் தட்டினார்.

"எழுந்திருடி தங்கச்சி. அக்கா உக்காரணும்."

அந்த அம்மா முழித்தார். பஸ்ஸே பார்த்தது. வேறு வழியில்லாமல் எழுந்தார். மாமியார் சாவகாசமாக உட்கார்ந்து, முழங்காலை நீட்டிக்கொண்டு, மடியிலிருந்த பையை அவரிடம் நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் பிடி. சின்னவதானே நீ."