எரிக்கக் கொடுத்த சாமான்கள்

மொன்ட்ரியால் நகரின் செயின்ட்-மிஷேலில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு வயது நூறுக்குப் பக்கம். முன்னறையில் குளிர் காய ஒரு விறகு அடுப்பு இருந்தது. கறுத்த இரும்புப் பெட்டி, அதற்கொரு கண்ணாடிக் கதவு. வீட்டை விற்ற பெண் அதைத் தடவிக் காட்டிய அந்த நிமிடமே என் கணவர் மனதுக்குள் வீட்டை வாங்கிவிட்டார். அடுப்பை மூட்டக் கூடாது என்பது பிறகுதான் தெரியவந்தது. நகரத்தின் புகைச் சட்டப்படி, இப்படியான பழைய அடுப்பை மின்சாரம் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் மட்டுமே எரிக்கலாம். மற்ற நாட்களில் அதன்மேல் ஒரு பூச்சாடியை வைத்திருந்தோம்.

இந்தச் சட்டம் எங்கள் கோயில் ஆட்களில் ஒருவருக்கும் தெரியாது. அடுப்பு இருப்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. நாங்கள் கத்தோலிக்கர். ஆசீர்வதித்த சாமானைக் குப்பையில் போட மாட்டோம். எரிப்போம் அல்லது புதைப்போம். ஆனால் எங்கள் சனம் பெரும்பாலும் இருப்பது மாடிக் குடியிருப்புகளில். அங்கே எரிக்க அடுப்பில்லை, புதைக்க நிலமில்லை. நிலம் இருந்தாலும் பனிக்காலம் முடியும்வரை உறைந்த மண்ணில் அலவாங்கு இறங்காது.

"தங்கச்சி, இதுகளைக் குப்பையில போடேலாது. உங்கட அடுப்பில ஒருக்காப் போட்டு விடுங்கோ" என்று மொன்ட்ரியால்-நோரிலிருந்து வரும் ஓர் அக்கா பூசை முடிந்து முதல் பையைத் தந்தார். உள்ளே காய்ந்த குருத்தோலைச் சிலுவைகள், மாதா படம் போட்ட பழைய கலண்டர்கள், அறுந்த செபமாலைகள். மறுக்கத் தெரியாமல் ஓம் என்றேன். இரண்டாவது குளிர்காலத்தில் எங்கள் நிலவறையில் பத்தொன்பது பைகள் இருந்தன. சாமான்களுக்கான சுடலையாக எங்கள் வீடு மாறிவிட்டது.

மகள் பிறந்து நாற்பதாம் நாள், விடியற்காலையிலிருந்து உறைமழை. மரக்கொப்புகள் பனிக்கட்டிப் பாரம் தாங்காமல் முறிந்தன. காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றது, அதோடு வீட்டுச் சூடாக்கியும் நின்றது. எங்கள் கார் ஒரு கண்ணாடிக் கட்டியாக நின்றது. வாசற்படியில் கால் வைக்க முடியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கும் போக வழியில்லை.

கணவர் பூச்சாடியை இறக்கிவைத்துவிட்டு, நெருப்புப்பெட்டியும் கையுமாக அடுப்பின் முன்னால் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தார். அவருடைய அகதிக் கோப்பு ஒன்பது வருடம் முடிவில்லாமல் ஓர் அதிகாரியின் மேசையில் கிடந்தது. அந்த நாட்களிலிருந்து இந்த நாட்டின் எந்தச் சட்டத்தையும் அவர் ஒரு நூலளவும் மீறியதில்லை.

"பிள்ளையின்ர கை குளிருதப்பா. மூட்டுங்கோ."

"இன்னும் நாற்பது நிமிஷம் கிடக்கு."

"ஆர் வந்து பாக்கப் போகினம்?"

"புகை தெருவுக்குத் தெரியுமெல்லே."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவரைத் திட்டினேன். பிள்ளைக்கு இரண்டு தொப்பி போட்டு, என் சுவெட்டருக்குள் வைத்துக்கொண்டேன். சுவர் வெப்பமானி பதின்மூன்று காட்டியது. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அவர் குச்சியைத் தட்டினார்.

விறகு பற்றவில்லை. இலையுதிர்காலத்தில் வாங்கிய ஈர விறகை, சீமெந்து மூட்டையை மூடுவதுபோலக் காற்றுப் புகாமல் தறப்பாளால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். அது அப்படியே ஈரமாக இருந்தது. கட்டைகளின் நுனியில் தண்ணீர் கொதித்து வடிந்தது. "வடியுது" என்று அறிவித்துவிட்டு நிலவறைக்குப் போனவர், கோயில் பைகளோடு திரும்பி வந்தார்.

"அது செபம் சொல்லி எரிக்கிற சாமான். குளிர் காயிறதுக்கில்லை" என்றேன்.

"அப்ப நீர் செபத்தைச் சொல்லும். நான் போடுறன்."

நான் செபமாலை சொன்னேன், அவர் போட்டார். குருத்தோலை அருமையாக எரிந்தது. கலண்டர்களை மாதம் மாதமாகக் கிழித்துப் போட்டோம். தாள் எரியும்வரை விறகும் எரிந்தது. தாள் முடிந்ததும் அதுவும் படுத்துவிட்டது. இரண்டு மணியளவில் வெப்பமானி பதினாறுக்கு ஏறியது. பிள்ளையின் விரல்கள் விரிந்தன.

பிறகு முப்பத்தோராம் நாள் நினைவு அட்டைகள் வந்தன. செத்தவீட்டுக்காரர் இறந்தவரின் படத்தோடு அச்சடித்துக் கொடுக்கும் அட்டைகள். நான் ஒவ்வொரு பெயராக வாசித்துக் கொடுத்தேன். முப்பது பேர் நெருப்புக்குள் போயிருப்பார்கள். அடுத்த அட்டையில் அப்பா இருந்தார். அடுத்த பையிலும் இருந்தார். மொத்தம் ஆறு, ஆறு வீடுகளிலிருந்து.

அப்பா இறந்து ஒன்றரை வருடம்தான். மண்டப வாசலில் நின்று என் கையால் கொடுத்த அட்டைகள் அவை. பையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே என்னிடம் எரிக்கத் தந்திருக்கிறார்கள். ஆனால் கோபப்பட எனக்கு என்ன உரிமை? அந்த முப்பது பேரும் யாரோ ஒருவருக்கு அப்பா, அம்மா.

"இதுகளை விடுவம்" என்றார் கணவர். நெருப்பு இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை சிணுங்கினாள்.

ஆறையும் போட்டேன். தடித்த அட்டை, நன்றாக எரிந்தது. எங்கள் அலுமாரியில் அப்பாவின் மிச்ச அட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. முந்நூறு அடித்ததில் பாதிகூடப் போகவில்லை. அந்தப் பெட்டியைத் திறக்கவும் மனமில்லாமல், எறியவும் முடியாமல் வைத்திருந்தேன். அதை எடுத்துவரச் சொன்னேன்.

"உண்மையாவோ?"

"ஓம். பிறகெண்டா எனக்கு ஏலாது."

ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒவ்வொரு முறையும் அப்பாவின் சிரிப்புத்தான் முதலில் சுருண்டது. நான் வாய்விட்டு அழுதேன். பிள்ளை நித்திரை கொண்டாள். ஐந்து மணிக்கு மின்சாரம் வரும்வரை, பேத்தியைக் காணாமலே போன மனிதர் அவளைச் சூடாக வைத்திருந்தார்.