இடிந்து மூடிய பகுதி

பதுங்குகுழியின் விளிம்பில் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அங்கே வந்திருந்தவர்களில் வேறு யாரும் அப்படிச் செய்யவில்லை. புக்கிட் பெலண்டோக் பக்கம், நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் மேட்டுக்காட்டில், சப்பான்காரன் காலத்துக் குழியைச் சுத்தம் செய்து கம்பிவேலி போட்டு, பழைய ரப்பர் ஸ்டோரை அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார்கள். அப்பாவுக்கு அப்போது எண்பத்து நான்கு வயது. பழைய இடத்தைப் பார்த்தால் மகிழ்வார் என்று சிரம்பானிலிருந்து நானாகத்தான் காரில் அழைத்துப் போனேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் துருப்பிடித்த தலைக்கவசம், தண்ணீர்க் குப்பி, பிடி இல்லாத மண்வெட்டி. அப்பா எதையும் பார்க்கவில்லை. குழியோரமாகவே நடந்து அதன் கோடிக்குப் போனார். அங்கே இருபதடி நீளத்துக்குக் குழி தூர்ந்து, மேலே புல் முளைத்திருந்தது. மழையில் இடிந்து மூடிய பகுதி என்று பலகையில் மலாயில் எழுதியிருந்ததை வாசித்துச் சொன்னேன்.

"மழ இடிச்சுது. மூடுனது நானு," என்றார் அப்பா.

தோட்டத்து ஆண்களைத்தான் குழி வெட்ட நிறுத்தியிருக்கிறார்கள். அப்பாவுக்குப் பதினாறு வயது. அவருடைய அண்ணன், என் பெரியப்பா, இருபதைத் தாண்டியவர். அடைமழைக்கு மறுநாள் சுவர் சரிந்து பெரியப்பாவை அமுக்கியது. அப்பா வெறுங்கையால் மண்ணைப் பறித்தார். சிப்பாய் முதுகில் துப்பாக்கியை வைத்து, அந்த இடத்தை மூடிவிட்டு வேறு பக்கம் வெட்டச் சொன்னான். அதுவரை யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னவர், அந்தப் புல்லைக் கைகாட்டினார்.

"அண்ணன் கை வெளிய தெரிஞ்சுது. வெரலு அசைஞ்சுது. அதுமேலதான் மண்ண போட்டேன்."

அன்று வீட்டுக்குப் போய், அண்ணனைச் சப்பான்காரன் சயாமில் போடும் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போய்விட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்த வாரம் லோரி லோரியாக ஆள் பிடித்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. பெரியம்மா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

எனக்குத் தெரிந்த பெரியம்மா, அறுபது வயதிலும் நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தவர். சயாமிலிருந்து யாராவது திரும்பினார்கள் என்று கேள்விப்பட்டால் பஸ் ஏறிப் போய் விசாரித்துவிட்டு வருவார். மறுமணப் பேச்சு வந்தபோது, புருஷன் உயிரோடு இருக்கும்போது என்ன பேச்சு இது என்று சண்டை போட்டாராம். தாலியோடுதான் அவரை எடுத்தோம்.

ஏன் சொல்லவில்லை என்று திரும்பும் வழியில் கேட்டேன். "மொதல்ல பயம். அப்பறம் அண்ணி மொகத்த பாத்துச் சொல்ல வாய் வரல. அப்பறம் ரொம்ப நாளாயிருச்சி," என்றார். அதற்குப் பிறகு இறக்கும்வரை அதைப் பற்றி அவர் பேசவில்லை.

கோலா கிளாவாங்கில் மகன் வீட்டில் இருக்கும் அக்காவிடம், பெரியப்பாவின் ஒரே மகளிடம், இதை நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அப்பா போய்ப் பத்து வருடம் நானும் வாயைத் திறக்கவில்லை. அப்பாவைக் குறை சொல்லும் தகுதி அதோடு போனது. சென்ற மாதம் அக்கா காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகுதான் பயந்துபோய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. கூட்டிப்போ என்றார்.

எண்பது வயதில், என் தோளைப் பிடித்தபடி அந்தக் கோடிவரை நடந்தார். புல்மேட்டைப் பார்க்காமல் சுற்றிலும் பார்த்தார். ரப்பர் மரங்கள் போய் இப்போது செம்பனை நிற்கிறது. எதையோ எண்ணிக் கணக்குப் பார்ப்பவர்போல அங்கும் இங்கும் விரலை நீட்டினார்.

"தம்பி, இது என் நெரை. இருவது வருஷம் இங்கதான் பால்மரம் சீவுனேன்."

அந்தக் காலத்தில் அப்பா இந்தத் தோட்டத்தின் மண்டோர். சீவுபவர்களில் யாருக்கு எந்த மர நிரை என்று பிரித்துக் கொடுப்பவர்.

"எனக்கு மொதல்ல பள்ளக்காடுதான் குடுத்தாங்க," என்றார் அக்கா. "சித்தப்பாதான் மாத்தி விட்டாரு. இங்கயே சீவும்மா, இங்க ஒனக்கு ஒண்ணும் ஆவாதுன்னாரு."